ஊர்ப் பொதுக் கட்டடத்தைக் காட்சியகமாக்குவது எப்படி? வரலாற்றுச் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பழைய பள்ளிக்கூடமோ வாசகசாலையோ வரலாற்றுச் சங்கம் ஒன்றின் கைக்கு வந்துசேரும் முதல் சில மாதங்கள்தான் அந்தக் கட்டடத்துக்கு மிக ஆபத்தான காலம். அதுவரை அதை யாரும் சீந்தவில்லை. இப்போது ஆர்வம் பொங்கும் ஒரு கூட்டம் துடைப்பமும் உப்புத்தாளுமாக உள்ளே நுழைகிறது. சுவரின் பழைய வண்ணம் சுரண்டப்படுகிறது. மூலையில் கிடந்த மக்கிய காகிதக் கட்டு எரிக்கப்படுகிறது. பொரிந்த இடங்களில் சிமென்ட் அப்பப்படுகிறது. பல ஆண்டுப் புறக்கணிப்பு விட்டுவைத்ததை நல்லெண்ணம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் துடைத்துவிடுகிறது.

இந்தக் கவலை புதிதல்ல. 1877இல் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே, பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிச் சுரண்டித் தள்ளியவர்களைத் தடுப்பதற்காகத்தான். அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்று அவர்களுடைய அறிக்கை கேட்டுக்கொண்டது. பள்ளிக்கூடம், தபால் நிலையம், தொழிற்சங்க மன்றம், ரயில் நிலையம் என ஊரார் கூடிப் புழங்கிய எந்தக் கட்டடமானாலும் கீழே வரும் வரிசையை மாற்றாமல் போவது நல்லது. முதல் மூன்று படிகளில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டியதில்லை. பலருக்குப் பொறுமை போவதும் அங்கேதான்.

முதல் படி: ஏற்றுக்கொள்ளலாமா என்று முடிவெடுங்கள்

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு கட்டடத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது. செப்பனிடும் செலவு ஒரு முறை வரும், முடிந்துவிடும். கூரைப் பராமரிப்பு, காப்பீடு, மின்கட்டணம், கரையான் சோதனை, காவல் ஆகியவை ஆண்டுதோறும் வரும். திறப்பு விழாவுக்கு நன்கொடை தர ஆள் உண்டு. கூரையில் தேங்கிய சருகை அள்ளுவதற்கு நன்கொடை தருபவர் அபூர்வம். ஆகவே, ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால், கட்டடத்தை முறையாகப் பதிவு செய்து வைத்துவிட்டு, அதை ஏற்காமல் விடுவதும் மதிக்கத்தக்க முடிவுதான்.

அடுத்தது உரிமை. 'தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்ற வாய்மொழி அனுமதியை நம்பிக் கூரை மாற்றக் கூடாது. விலைக்கு வாங்குங்கள், அல்லது நீண்ட காலக் குத்தகை எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பழுதை யார் சரிசெய்வது, குத்தகை முடிந்தால் சங்கம் செய்த செலவு என்னவாகும், உரிமையாளர் மறைந்தால் வாரிசுகளை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆன் பமேலா கன்னிங்ஹாம் 1853இல் தொடங்கிய பெண்கள் சங்கம், ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டை 1858இல் இரண்டு லட்சம் டாலருக்கு விலைபேசி வாங்கியது. அந்த வீடு இன்றும் அதே சங்கத்தின் கையில்தான் இருக்கிறது. அரசுகள் மாறின, போர் வந்து போனது. பத்திரம் அவர்கள் பெயரில் இருந்ததால் அவர்களை யாரும் அசைக்க முடியவில்லை.

கட்டடம் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். இருந்தால், ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட அனுமதி தேவைப்படலாம். பொறியாளரையோ கட்டடக் கலைஞரையோ தேர்ந்தெடுக்கும்போது பட்டங்களைப் பார்ப்பதைவிட ஒரு கேள்வி கேட்பது மேல்: நீங்கள் சுண்ணாம்பில் செப்பனிட்ட கட்டடம் ஒன்றைக் காட்டுங்கள், அதுவும் ஐந்தாறு மழைக்காலம் கண்ட ஒன்றை.

இரண்டாம் படி: எதற்காகக் காக்கிறோம் என்று எழுதுங்கள்

ஒரே ஒரு பக்கம் போதும். இந்தக் கட்டடம் எப்போது, யாரால், எதற்காகக் கட்டப்பட்டது, யாரெல்லாம் புழங்கினார்கள், எந்தப் பகுதி போனால் கட்டடமே பொருளிழந்துவிடும்? பாரம்பரிய இடங்களைக் காப்பதற்கான நெறிகளாக ஆஸ்திரேலியாவின் பர்ரா நகரில் 1979இல் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம் இந்த ஒரு பக்கத்தை அடித்தளமாக வைத்துத்தான் மற்ற எல்லா முடிவுகளையும் எடுக்கச் சொல்கிறது. தேவையான அளவு மாற்றுங்கள், ஆனால் முடிந்தவரை குறைவாக மாற்றுங்கள் என்பது அதன் அடிப்படை நெறி.

இந்தப் பக்கத்தை எழுதும்போது புகழ்ச்சி வேண்டாம். யாருக்கெல்லாம் அங்கே கதவு சாத்தப்பட்டிருந்தது என்பதும் கட்டடத்தின் வரலாறுதான். பெண்கள் தனி வாசலில் நுழைந்தார்களா? தொழிலாளர்கள் பின்புறம் நின்றார்களா? சுவரில் அடைக்கப்பட்ட ஒரு வாசல் தெரிந்தால், அது ஏன் அடைக்கப்பட்டது என்று கேளுங்கள்.

கட்டடம் இன்னும் சில மாதம் காத்திருக்கும். அங்கே படித்த, வேலை பார்த்த முதியவர்களால் அது முடியாது. அதனால் வாய்மொழிப் பதிவை இப்போதே தொடங்கிவிடுங்கள். முடிந்தால் அவர்களைக் கட்டடத்துக்குள்ளேயே அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்தில் வராத நினைவு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்ததும் வரும். சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகப் பதிவுசெய்து, இரண்டு வேறு இடங்களில் நகல் வையுங்கள். பதிவை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று கையெழுத்துடன் ஒப்புதல் வாங்குவது கட்டாயம். 'உங்கள் காலத்தில் எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மணியடிப்பது யார், தண்ணீர் எங்கே குடிப்பீர்கள், எந்த அறைக்குப் போகப் பயம் என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: தொடுவதற்கு முன் பதிவு

இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான வார்சா பழைய நகரத்தைப் போலந்து மக்கள் மீண்டும் எழுப்பியபோது அவர்களுக்குக் கைகொடுத்தவை இரண்டு: போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்து வைத்திருந்த வரைபடங்கள், 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலோட்டோ தீட்டிய நகரக் காட்சிகள். அந்த மாணவர்கள் அளந்தது பயிற்சிக்காக. 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்நகரம் இடம்பெற்றதில் அந்தப் பயிற்சித் தாள்களுக்கும் பங்குண்டு. உங்கள் வாசகசாலையை நாளை தீயோ வெள்ளமோ கொண்டுபோனாலும் மிஞ்சப்போவது இந்தப் பதிவுதான்.

முதலில் புகைப்படம். ஒவ்வொரு வெளிச்சுவரையும் நேர் எதிரே நின்று எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், தரை, கூரை ஆகிய ஆறு படங்கள். பிறகு கதவு, ஜன்னல், கீல், தாழ்ப்பாள், ஆணித் தலை என்று நுணுக்கங்கள். நுணுக்கப் படங்களில் அளவுகோல் ஒன்று தெரிய வேண்டும். கைபேசியிலேயே முப்பரிமாண மாதிரி உருவாக்கலாம். அதற்கு ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் தெரிந்ததில் மூன்றில் இரண்டு பங்காவது காட்ட வேண்டும். கோப்புப் பெயரில் அறை எண்ணும் திசையும் இருக்கட்டும். கேமரா தானாக வைத்த எண்ணோடு விட்டுவிட்டால் பத்தாண்டு கழித்து எந்த ஜன்னல் எது என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்து அளவு. பழைய அறைகள் செவ்வகமாக இருப்பது அரிது. ஆகவே நீளம் அகலத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். அவை சமமில்லையென்றால் அறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வரைபடமே சொல்லிவிடும். சுவரில் ஜன்னல்களை அளக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று துண்டு துண்டாக அளக்காமல், ஒரு மூலையில் நாடாவைப் பிடித்துத் தொடர்ச்சியாக அளவெடுங்கள். துண்டளவுகளில் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

பிறகு வண்ணம். சுவரின் பூச்சு அடுக்குகள் கட்டடத்தின் நாட்குறிப்பு. ஒளிந்த மூலை ஒன்றில், கதவுச் சட்டத்தின் மேற்பகுதியிலோ மின்பெட்டிக்குப் பின்னாலோ, கூரிய கத்தியால் ஒவ்வோர் அடுக்காகப் படிப்படியாக வெளிப்படுத்திப் படமெடுங்கள். அந்தச் சிறு சதுரத்தை மூடாமல் அப்படியே விட்டுவைத்தால் பின்னாளில் அதுவே நல்ல காட்சிப்பொருளாகும். மீதிச் சுவரைச் சுரண்ட வேண்டாம்.

குப்பை என்று நினைப்பவற்றையும் சலித்துப் பாருங்கள். தரைப் பலகைகளின் இடுக்கில் விழுந்த பேனா முள், பொத்தான், டிக்கெட் துண்டு, மேல்தளத்தில் எலி இழுத்துப்போட்ட காகிதம் இவையெல்லாம் எந்த அறையில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி. ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தைக் குறித்துப் பையில் போடுங்கள். இடம் தெரியாத பொத்தான் வெறும் பொத்தான்தான்.

நான்காம் படி: தண்ணீரை வெளியேற்றுங்கள்

பழைய கட்டடங்களின் நோய்களில் பெரும்பாலானவை தண்ணீரில் தொடங்குகின்றன. அடுத்து வரும் எல்லாச் செலவுக்கும் முன் கூரையைப் பாருங்கள். மழை பெய்யும்போது உள்ளே நின்று பாருங்கள். வெயில் நாளில் நிபுணர் வந்து சொல்வதைவிட அதில் தெளிவு அதிகம். உடைந்த ஓடுகள், கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளங்கள், புகைபோக்கியோ கைப்பிடிச் சுவரோ கூரையைத் தொடும் விளிம்புகள் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் கசியும். வடிகுழாய் வழியாக இறங்கும் நீர் சுவரின் காலடியில் கொட்டாமல் தள்ளிப் போகிறதா?

பல ஆண்டுகளாகச் சாலையும் முற்றமும் மேடாகி, வெளித் தரைமட்டம் உள் தரைமட்டத்தைவிட உயர்ந்திருக்கும். அந்த மண்ணை வெட்டியெடுத்துச் சுவரைவிட்டு நீர் விலகி ஓடும்படி சரிவு கொடுத்தாலே பாதி ஈரம் வற்றிவிடும். இதற்கு மண்வெட்டி போதும். கடைக்காலுக்குக் கீழே மட்டும் தோண்டிவிடாதீர்கள்.

இனி, பலரும் இடறி விழும் இடம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. உள்ளே தேங்கிய நீரில் கரைந்த உப்பு, மேற்பரப்புக்குச் சற்று உள்ளேயே படிகமாகி விரிகிறது. செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. சிமென்ட் மட்டும் கெட்டியாக நிற்கும், அது பாதுகாக்க வேண்டிய செங்கல் மாவாகியிருக்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுவர் அசையும்போது விரிசல் சாந்தில் விழட்டும். சாந்தை மாற்றலாம், கல்லை மாற்ற முடியாது.

சுண்ணாம்புச் சாந்துக்குப் பொதுவாக ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூரிய மணல் என்ற அளவில் தொடங்குவார்கள். பழைய சாந்தின் சிறு கட்டியைச் சோதனைக்கு அனுப்பி அதன் கலவையை அறிந்துகொண்டால் இன்னும் நல்லது. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் கல்லாகிறது. அதற்குச் சிறிது ஈரமும் வேண்டும். ஆகவே பூசிய பரப்பை வெயில் நேராகத் தாக்காமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, நாள்தோறும் லேசாக நீர் தெளிக்க வேண்டும். தடிமனாக ஒரே பூச்சு போடாமல் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பின் மற்றொன்று. அவசரப்படும் கொத்தனாருக்கு இந்த வேலை ஒத்துவராது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் சுண்ணாம்பைத் தொட விடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கெட்டியான பொருளே நல்ல பொருள் என்ற எண்ணம் பெரிய நிபுணர்களையும் ஏமாற்றியிருக்கிறது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைக் கட்டிய பழங்காலச் சிற்பிகள், பளிங்குகளைப் பிணைத்த இரும்புக் கொக்கிகளுக்கு ஈயம் வார்த்துக் காற்றும் நீரும் படாமல் காத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செப்பனிட்ட நிக்கோலாஸ் பலானோஸ் பயன்படுத்திய இரும்புக்கு அந்தக் காப்பு இல்லை. துரு விரிந்து பளிங்கைப் பிளந்தது. 1975இல் அமைக்கப்பட்ட குழுவின் பணியில் அந்த இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று.

செங்கல் சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய ஒருவர் முன்வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விட்டால் அந்தச் செங்கல் நீரைக் குடிக்கத் தொடங்கும்.

ஐந்தாம் படி: மரம், பூச்சி, நஞ்சு

மரத்தில் கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே இன மரத்தை, அதே இழையோட்டத்தில் ஒட்டுப்போடச் சொல்லுங்கள். விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். முனை கெட்டது என்பதற்காக முழு விட்டத்தை மாற்றும் தச்சரைவிட, முனையை மட்டும் சரித்து வெட்டிப் புது மரம் பிணைக்கத் தெரிந்த தச்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

கரையானுக்கு மருந்தடிக்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரில் ஏறும் மண் தடங்களை ஒரு முறை உடைத்துவிட்டு, மீண்டும் கட்டுகின்றனவா என்று கவனித்தால் புற்று உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகளை உடைக்கவோ துளையிடவோ கூடாது. அவற்றை அகற்றப் பயிற்சி பெற்றவர்களையே அழைக்க வேண்டும். தன்னார்வலர்களாகப் பள்ளி மாணவர்கள் வருவதாக இருந்தால் இந்தச் சோதனைகள் முடியும்வரை அவர்களை உள்ளே விடாதீர்கள்.

ஆறாம் படி: எந்தக் காலத்தைக் காட்டுவது?

1900இல் கட்டிய பள்ளி, 1930இல் நீட்டித்த கூடம், 1960இல் வந்த மின்விளக்கு. எதை வைத்துக்கொள்வது? சங்கக் கூட்டங்களில் நாற்காலி பறக்கும் விவாதம் இதுதான். தொடக்க நிலைக்கே திருப்ப வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடக்க நிலை எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் ஊகம். ஊகத்துக்காக உண்மையான 1930ஐ இடிக்கிறோம். பழஞ்சின்னங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிகளைச் சொல்லும் 1964இன் வெனிஸ் சாசனம் இதில் தெளிவாக இருக்கிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும். புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைய வேண்டும், ஆனால் கூர்ந்து பார்த்தால் புதிது என்று தெரியவும் வேண்டும். புதிய மரத்துண்டின் மறைவான பக்கத்தில் ஆண்டைச் செதுக்கி வைப்பது நல்ல பழக்கம்.

நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் குடியிருப்பு 1863இல் கட்டப்பட்டது. 1935இல் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டு மேல்தளங்கள் மூடப்பட்டன. 1988இல் தொடங்கிய டெனமென்ட் அருங்காட்சியகம் அங்கே ஒரே காலத்தைத் திணிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டையும் அங்கே வாழ்ந்த வெவ்வேறு குடும்பத்தின் காலத்துக்கு அமைத்தது. சில அறைகளை, காகிதம் உரிந்து தொங்கும் சுவர்களோடு, கண்டெடுத்த நிலையிலேயே விட்டுவைத்தது. செலவும் குறைவு, உண்மையும் அதிகம். உங்கள் பள்ளியில் ஒரு வகுப்பறையை மட்டும் இப்படி விட்டுப் பாருங்கள். பார்வையாளர்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

இடம்பெயர்க்க வேண்டியிருந்தால்

இது எல்லாருக்குமான படி அல்ல. சாலையோ அணையோ வருகிறது, வேறு வழியே இல்லை என்றால் மட்டும். கட்டடம் அது நிற்கும் சூழலிலிருந்து பிரிக்க முடியாதது என்பது வெனிஸ் சாசனத்தின் நிலைப்பாடு. இருந்தாலும் திறந்தவெளி அருங்காட்சியகங்களின் வரலாறே இடம்பெயர்த்த கட்டடங்களின் வரலாறுதான். நார்வேயில் 1844இல் தோன்றிய பழம்பொருள் பாதுகாப்புச் சங்கம், கோல் ஊரின் இடைக்கால மரத் தேவாலயத்தை வாங்கி, மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் உதவியோடு 1880களில் இன்றைய ஓஸ்லோவுக்குக் கொண்டுவந்தது. இல்லாவிட்டால் அது இடிபட்டிருக்கும். பிற்காலத்தில் கோல் ஊரார் தங்களுக்கென்று அதன் நகல் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் 1891இல் திறந்த ஸ்கான்சென், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா ஆகியவையும் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பிய இடங்கள்.

பிரிப்பதில் எண்ணிடுவதே உயிர். ஒவ்வொரு மரத்துக்கும் சுவர், வரிசை, இடம் மூன்றையும் சொல்லும் எண்: வடக்குச் சுவர், நான்காம் வரிசை, ஏழாம் மரம் என்பது வ-4-7. துருப்பிடிக்காத உலோகத் தகட்டில் பொறித்து, வெளியே தெரியாத முகத்தில் பொருத்துங்கள். சாக்பீஸ் எழுத்து முதல் மழையிலேயே போய்விடும். பிரித்த வரிசைக்கு நேரெதிர் வரிசையில்தான் மீண்டும் கட்ட வேண்டும் என்பதால், கடைசியில் கழற்றியதை லாரியில் முதலில் இறக்கும்படி ஏற்றுங்கள். பிரித்த பிறகு பணம் தீர்ந்து, கொட்டகையில் கிடந்து மக்கிப்போவதுதான் இதில் பெரிய ஆபத்து. மீண்டும் கட்டும் பணம் கைக்கு வந்த பிறகே முதல் ஓட்டைக் கழற்றுங்கள்.

ஏழாம் படி: பார்வையாளர்களைத் தாங்கும்படி செய்யுங்கள்

வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ எடையை எதிர்பார்த்துக் கட்டப்படுவது. கூட்டம் கூடும் காட்சிக்கூடத்துக்கு 400 முதல் 500 கிலோ தேவை என்பார்கள் பொறியாளர்கள். மாடியில் மரத்தளம் இருந்தால் இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். எஃகு உத்திரம் கொடுத்துத் தளத்தைக் கெடுப்பதைவிட, ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் மாடிக்கு என்று வரம்பு வைப்பது எளிது.

தீ பற்றிச் சற்று கூடுதலாகவே கவலைப்படலாம். 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் இல்லை. அதே ஆண்டு ஜூனில் கிளாஸ்கோ கலைப்பள்ளியும், 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர-தாம் தேவாலயமும் எரிந்தது செப்பனிடும் பணி நடந்துகொண்டிருந்தபோதுதான். ஆகவே வெல்டிங் போன்ற நெருப்பு வேலை எதற்கும் எழுத்துமூல அனுமதி வேண்டும்; வேலை முடிந்த பின் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து கவனிக்க வேண்டும். பழைய மின்கம்பிகளை முழுமையாக மாற்றுங்கள். பழைய சுவிட்சுகள் காட்சிக்கு நிற்கட்டும், மின்சாரம் அவற்றில் ஓட வேண்டாம். தீயணைப்பு நிலையத்தாரை ஒரு நாள் அழைத்துக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டி, எந்தப் பொருள்களை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்ற பட்டியலைக் கொடுத்துவையுங்கள்.

சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை 1:12 என்ற அளவைவிட (பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி உயரம்) செங்குத்தாக இருக்கக் கூடாது. முகப்பைக் கெடுக்காமல் பக்கவாசலில் அமைக்கலாம். ஆனால் அந்த வாசல் எல்லாரும் நுழையும் வாசலாக இருப்பது கண்ணியம்.

எட்டாம் படி: பொருள்களும் பதிவேடும்

காட்சியகம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊரார் தங்கள் பரணைக் காலிசெய்து கொண்டுவந்து கொடுப்பார்கள். தையல் இயந்திரங்கள் மட்டும் ஓர் அறை நிறையும். இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒரு பக்கம் இங்கே உதவும்: கட்டடத்தின் கதைக்குத் தொடர்பில்லாததை வாங்காதீர்கள். வாங்கினால், இது நிபந்தனையற்ற அன்பளிப்பு என்று கையெழுத்து வாங்குங்கள். 'எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு வரும் பொருளை மறுத்துவிடலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு, தொகுதி, உருப்படி என்ற மூன்றடுக்கு எண் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். 2025.4.12 என்றால் அந்த ஆண்டின் நான்காம் அன்பளிப்பில் பன்னிரண்டாவது பொருள். எண்ணை மையால் பொருளின்மேல் நேரடியாக எழுதக் கூடாது. உலோகம், பீங்கான் போன்றவற்றில் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லிய படலமாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் எழுதி, மேலே இன்னொரு படலம் இட வேண்டும். வேண்டாமென்றால் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். காகிதத்தில் மென்மையான பென்சில். துணியில் தைத்த நாடா. கணினியில் பட்டியல் இருந்தாலும், தைத்துக் கட்டிய பதிவேடு ஒன்றில் மையால் எழுதி வையுங்கள். இது பழமைவாதமாகத் தோன்றலாம். கடவுச்சொல்லைத் தன்னோடு கொண்டுபோன செயலாளர்கள் எந்தச் சங்கத்திலும் உண்டு.

வெளிச்சம் ஏற்படுத்தும் சேதம் திரும்பாது, கூடிக்கொண்டே போகும். துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கும் மரத்துக்கும் 200 லக்ஸ் என்பது நெடுநாள் அளவுகோல். 100 லக்ஸில் ஐந்து மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் ஒரே அளவு சேதம்தான். ஆகையால் யாருமில்லாதபோது ஜன்னல் கதவைச் சாத்துவதே மலிவான பாதுகாப்பு. பழைய வருகைப் பதிவேட்டின் நல்ல நகலைக் காட்சிக்கு வைத்து, அசலைப் பெட்டியில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சை வரும். அதற்காகக் குளிர்சாதனத்தைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால் ஏற்ற இறக்கம் இன்னும் மோசமாகும். காற்றோட்டமும் விசிறியும் பெரும்பாலான கட்டடங்களுக்குப் போதும்.

அந்துப்பூச்சி பிடித்த துணியை உடனே மருந்தடிக்காமல், பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி உறையவைக்கலாம்: மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம், மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள். வெளியே எடுத்த பின் பை அறைவெப்பத்துக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது. வண்ணம் தீட்டிய மரத்துக்கும் தந்தத்துக்கும் இந்த முறை ஆகாது.

ஒன்பதாம் படி: காட்சி அமைப்பு

இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. கட்டடமே முதல் காட்சிப்பொருள் என்பதால் சுவரை மறைக்கும் பலகைகளைக் குறையுங்கள். ஒரு விளக்கத் தாளில் ஐம்பது சொற்களுக்கு மேல் போனால் நின்று படிப்பவர் குறைவு. எழுத்து பெரிதாக, சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில். முதியவர்களிடம் பதிவுசெய்த குரல்களை அந்தந்த அறையில் ஒலிக்கவிடுங்கள், ஆனால் பொத்தானை அழுத்தினால் மட்டும். நாள் முழுவதும் ஓடும் ஒலிநாடா காவலரைப் பைத்தியமாக்கும். எதையும் சுவரில் துளையிட்டு மாட்டாமல், தரையில் நிற்கும் சட்டங்களில் தொங்கவிடுங்கள். எது அசல், எது நகல் என்பதைத் தாளில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

பத்தாம் படி: திறந்த பிறகு

திறப்பு விழாவுக்கு மறுநாள் சங்கத்தில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அதை எதிர்பார்த்தே ஒரு நாட்காட்டி தயாரியுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் கூரை, வடிகுழாய். மாதம் ஒரு முறை ஒட்டும் பூச்சிப் பொறிகள். ஆண்டுக்கு ஒரு முறை மின்சாரச் சோதனை, தீயணைப்புக் கருவிச் சோதனை, பதிவேட்டோடு பொருள்களைச் சரிபார்த்தல். சுவரில் விரிசல் இருந்தால் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரை அழையுங்கள். தாண்டவில்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். செய்த ஒவ்வொரு பழுதுபார்ப்பையும், பயன்படுத்திய பொருளின் பெயரோடும் விகிதத்தோடும் குறித்துவையுங்கள்.

சங்கத்தின் விதிகளில் ஒரு பிரிவைப் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். சங்கமே கலைந்துபோனால் கட்டடமும் பொருள்களும் யாருக்கு என்பது அந்தப் பிரிவு. உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது, விற்று வரும் பணம் யார் பைக்கும் போகக் கூடாது, இதே நோக்கமுள்ள இன்ன அமைப்புக்குப் போக வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதி, அந்த அமைப்பின் ஒப்புதல் கடிதத்தையும் கோப்பில் வையுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு முன்பே அவர்கள் கடையை மூடியிருக்கலாம்.